தினமும் கொஞ்சம் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் சிலர் கூடியிருந்து வரைகிறோம். அது வகுப்பு அல்ல, காசும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு கோடு கூட நேரா வராது. நானும் தொடங்கலாமோ?

தாராளமாகத் தொடங்கலாம். நேர்கோடுதான் வேண்டுமென்றால் அடிமட்டம் இருக்கிறது. வீட்டைச் சுற்றிப் பாருங்கள்: சுளகின் விளிம்பு, வேலிக் கதியால், வாழைத்தண்டு, அம்மம்மாவின் விரல்கள். எதுவுமே நேராக இல்லை. கொஞ்சம் தயங்கித் தயங்கிப் போகும் கோடுதான் அவற்றுக்குப் பொருந்தும். தமிழ் எழுதத் தெரிந்த கைக்கு இதற்கு வேண்டிய கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ‘ழ’ எழுதுகிற கை மூக்குப்பேணியின் மூக்கையும் வளைக்கும்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் அநேகமாக ஒரு பள்ளிக்கூட நினைவு இருக்கும். சித்திரப் பாடத்தில் புள்ளி குறைந்திருக்கும், அல்லது பக்கத்துப் பிள்ளையின் படத்தைத் தூக்கிக் காட்டி உங்களுடையதை ஓரமாக வைத்திருப்பார்கள். பரீட்சைக்கு, கொடுத்த தலைப்பில், குறித்த நேரத்துக்குள், இன்னொருவர் புள்ளி போடும்படி வரைய வேண்டும். நாங்கள் பேசுகிற பழக்கத்தில் தலைப்பு, நேரம், புள்ளி மூன்றுமே கிடையாது.

என்னென்ன வாங்க வேணும்? நல்ல சாமான் இல்லாமல் தொடங்கிப் பிரயோசனம் இல்லை எண்டு சொல்லுகினம்.

ஒரு கொப்பி, ஒரு பேனை. கொப்பி சின்னதாக இருக்கட்டும்: ஏ4 தாளைப் பாதியாக மடித்த அளவு, அல்லது அதிலும் சிறிது. பெரிய சித்திரக் கொப்பியை விரித்தால், அவ்வளவு வெள்ளையையும் நிரப்ப வேண்டுமே என்ற நினைப்பே கையைப் பிடித்து நிறுத்திவிடும். பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதாத ஒற்றைகள் மிஞ்சிக் கிடந்தால் இன்னும் நல்லது. கோடு போட்ட தாள் என்று பார்க்க வேண்டாம், கோட்டுக்கு மேலேயே வரையுங்கள். விலை குறைந்த தாளில் பயமும் குறைவு.

பேனை என்றால் சாதாரண போல்பொயின்ற் பேனைதான் என் தெரிவு. மெல்லப் போட்டால் மங்கிய கோடும் அழுத்திப் போட்டால் கறுத்த கோடும் ஒரே பேனையில் வரும். அதன் மை எண்ணெய்த்தன்மை கொண்டது, ஈரம் பட்டாலும் இலேசில் கரையாது. ஜெல் பேனை மை நீரை அடிப்படையாகக் கொண்டது. எங்கள் ஊர் வெக்கைக்கு, வியர்த்த உள்ளங்கை பட்டாலே இழுபட்டுவிடும்.

பென்சில்தான் விருப்பம் என்றால் எச்.பி. ஒன்றும் 4பி ஒன்றும் வாங்குங்கள். பென்சில் கரி என்பது காரீயமும் (கிரபைற்) களிமண்ணும் கலந்து சுட்டது. காரீயம் கூடக் கூட மென்மையும் கறுப்பும் கூடும், ‘பி’க்கு முன்னால் உள்ள இலக்கம் அதைத்தான் சொல்கிறது. மிகத் தூய காரீயம் எங்கள் நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கப்படுகிறது என்பது எனக்கு எப்போதும் சந்தோசம் தருகிற விசயம். 12 பென்சில் அடங்கிய பெட்டியை முதல் கொப்பி முடிந்த பிறகு யோசியுங்கள். அதற்குள் உங்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தெரிந்திருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கீற வேணும்?

ஐந்து நிமிடம். மனம் வந்தால் அரை மணித்தியாலம்கூட இருங்கள், ஆனால் நாளைக்கும் அரை மணித்தியாலம் என்று அதைக் கடமையாக்கிவிடாதீர்கள்.

எல்லாரும் நல்ல நாளை மனதில் வைத்துத்தான் அளவு போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, வெயில் தணிந்திருக்கிறது, வீட்டில் ஆட்கள் இல்லை, அப்போது “தினமும் ஒரு பக்கம்” என்று தீர்மானிப்பது சுகம். நீங்கள் உங்கள் மோசமான நாளை வைத்து அளவு போடுங்கள். காய்ச்சலில் படுத்த நாள், செத்தவீட்டுக்குப் போய் வந்த நாள், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய நாள். அந்த நாளில் உங்களால் எவ்வளவு முடியும்? ஒரு கரண்டியின் வெளிக்கோடு மட்டும்தான் என்றால் அதுதான் உங்கள் அளவு. இந்தப் பக்கத்தில் எனக்குச் சொல்ல இருக்கிற முக்கியமான விசயம் இதுதான், மற்றப் பதில்கள் பலவும் இங்கேதான் திரும்பி வரும்.

எந்த நேரம் நல்லது? விடியக்காலமை எழும்பிக் கீற வேணுமோ?

புதிதாக ஒரு நேரத்தை ஒதுக்காதீர்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றோடு ஒட்டிவிடுங்கள். பலருக்குப் பின்னேரத் தேத்தண்ணி பொருந்துகிறது. தேத்தண்ணி வந்ததும் கொப்பி திறக்கும், குடித்து முடிந்ததும் மூடும். அதற்குக் கொப்பியும் பேனையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். லாச்சிக்குள் வைத்துப் பூட்டினால் அது அங்கேயே இருந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் ஏறக்குறைய நேர் உச்சியில் இருக்கும், நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும். நிழல் இல்லாவிட்டால் பொருட்கள் தட்டையாகத் தெரியும், வரையக் கடினம். காலை 7 மணியிலிருந்து 9 வரைக்கும், பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் சாய்ந்த வெளிச்சம் கிடைக்கும். இரவில்தான் நேரம் என்றால் ஒரே ஒரு விளக்கைப் பொருளின் ஒரு பக்கத்தில் வைத்து வரையுங்கள், அதுவும் வடிவான வெளிச்சம்தான்.

என்னத்தைக் கீறுறது? எங்கட வீட்டில கீறுற மாதிரி ஒண்டும் இல்லையே.

குசினிக்குள் போங்கள். திருவலை, நீத்துப்பெட்டி, இடியப்ப உரல், சுளகு, கழுவிக் கவிழ்த்த சருவம். அலுமாரிக்கு மேலே தூசி பிடித்து ஒரு மூக்குப்பேணி இருந்தால் முதலில் அதை எடுங்கள். அதன் வாயை நேர் கண்மட்டத்தில் பிடித்தால் வெறும் கோடாகத் தெரியும். கொஞ்சம் கீழே இறக்கினால் நீள்வட்டம். இன்னும் இறக்கினால் வட்டத்துக்குக் கிட்டப் போகும். மேசையில் வைத்து மேலிருந்து பார்க்கும்போது அடிப்பக்கத்தின் வளைவு, வாயின் வளைவைவிடக் கூட வளைந்திருக்கும், ஏனென்றால் அது கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கிறது. புதியவர்கள் அனேகமாக எல்லாரும் அடிப்பக்கத்தை நேராகக் கீறுவார்கள், மேசை நேராக இருக்கிறதே என்ற நினைப்பில். இந்த ஒரு விசயம் பிடிபட்டால் குடம், கிணற்றுக் கட்டு, மேளம் எல்லாம் பிடிபடும்.

அடுத்தது சைக்கிள். முதலில் பார்க்காமல் நினைவிலிருந்து ஒன்று கீறுங்கள், பிறகு முற்றத்தில் நிற்கிற சைக்கிளோடு ஒப்பிடுங்கள். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரெபெக்கா லோசன் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடம் காண்கிற சைக்கிளைப் பற்றியே நிறையப் பேர் பிழை விட்டார்கள். செயினை இரண்டு சில்லையும் சுற்றிப் போட்டவர்களும் உண்டு. சைக்கிளிலேயே வளர்ந்த எங்கள் ஊர் ஆட்களும் விறாந்தையில் அதே பிழையை விடுகிறார்கள். பிறகு எழுந்து போய்க் குனிந்து பார்க்கிறார்களே, எனக்கு அந்தக் குனிதல்தான் வேண்டும். தினமும் வரைவதால் கிடைக்கிற பெரிய பலன் அதுதான் என்று நம்புகிறேன்.

ஒவ்வொரு நாளும் புதுப் பொருள் தேடிக் களைக்க வேண்டாம். ஒரே பொருளை ஒரு கிழமை முழுக்க வரையலாம். திங்கட்கிழமை கீறிய செருப்பும் ஞாயிற்றுக்கிழமை கீறிய செருப்பும் ஒன்றாக இருக்காது.

போனில இருக்கிற படத்தைப் பாத்துக் கீறினால் பிழையோ?

பிழை இல்லை. ஆனால் கமரா ஒரு கண்ணால் பார்த்து, எல்லாவற்றையும் தட்டையாக்கி, எது முக்கியம் என்பதையும் உங்களுக்காகத் தீர்மானித்துவிட்டது. நேரில் ஒரு பொருளைப் பார்க்கும்போது அந்தத் தீர்மானங்களை நீங்களே எடுக்கிறீர்கள், பயிற்சியும் அதிலேதான் இருக்கிறது. அதோடு போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பும் திறக்கும், ஐந்து நிமிடம் அதற்குப் போய்விடும்.

ஓடுகிற பூனை, திரும்பிப் போக முடியாத இடம் என்றால் நீங்களே எடுத்த படத்தைப் பாவியுங்கள். மற்ற ஓவியர்களின் படங்களைப் பார்த்துக் கீறிப் பழகுவது பழைய, நல்ல முறை. பக்கத்தின் கீழே யாருடைய படம் என்று எழுதிவிடுங்கள்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் வந்திடும் எண்டு சொல்லுகினமே, உண்மையோ?

இல்லை. மாக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை வைத்தியர் 1960 இல் எழுதியதிலிருந்து பரவிய எண் இது. முகத்தில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் எடுக்கிறது என்று அவர் கவனித்திருந்தார். பழக்கம் வருவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 கிழமை கவனித்து 2010 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆளுக்கு ஒரு சின்ன வேலை, தினமும் அதே சந்தர்ப்பத்தில். அது யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு வர எடுக்கும் என்று அவர்கள் கணித்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது, நடுப்பெறுமானம் 66 நாள். எனக்கு இதில் பிடித்தது இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே நாட்காட்டியில் சிவப்புப் புள்ளடி போட்டுக்கொண்டு பதற வேண்டாம்.

ரெண்டு கிழமை விட்டுப்போச்சு. திருப்பி முதலில இருந்தோ?

எங்கே விட்டீர்களோ அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து. விட்ட நாட்களுக்காக வெற்றுப் பக்கங்கள் விட வேண்டாம், 14 படம் சேர்த்துக் கீறி ஈடு கட்டவும் வேண்டாம். அப்படி ஈடு கட்ட நினைப்பவர்கள்தான் மூன்றாவது நாளில் முற்றாக நிறுத்துகிறார்கள்.

ஆனால் ஏன் விட்டுப்போனது என்று ஒருமுறை யோசியுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீடு நிறைய ஆட்கள் என்றால் அது காரணம்தான், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு காரணமும் இல்லாமல் விட்டுப்போனால் அளவு பெரிதாகியிருக்கலாம். நேரத்தைப் பற்றிய பதிலில் சொன்ன அந்த மோசமான நாள் அளவுக்குத் திரும்பப் போங்கள்.

அழிறப்பர் பாவிக்கலாமோ?

முதல் கொப்பியில் வேண்டாம். பிழையான கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள். இரண்டும் தெரிந்தால் எவ்வளவு விலகிப்போனது என்று உங்களுக்கு விளங்கும், அடுத்த முறை கண் கவனமாக இருக்கும். அழித்துவிட்டால் அந்தத் தகவலும் அழிந்துவிடும்.

வடிவா வராததைக் கிழிச்சு எறியலாமோ?

எறியாதீர்கள். வடிவாக வராத பக்கங்கள்தான் கொப்பியில் கூட இருக்கும், எல்லாருடைய கொப்பியிலும். திகதியைப் போட்டுவிட்டு ஒற்றையைத் திருப்புங்கள். வரைந்த உடனே அது நல்லதா கூடாததா என்று சொல்ல உங்களுக்கே முடியாது, மனம் இன்னும் அசல் பொருளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அசல் மறந்திருக்கும், படம் மட்டும் நிற்கும்.

மாரியில கொப்பி நமுத்துப்போகுது. கறையானும் அரிக்குது. என்ன செய்யிறது?

ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் இது எங்கள் எல்லாருக்கும் உள்ள தொல்லை. நமுத்த தாளில் நீரில் கரையும் மை ஊறிப் பரவும், பென்சில் கரி பிடிக்காமல் தாளை உரசும். அந்த மாதங்களில் போல்பொயின்ற் பேனைக்கு மாறிவிடுங்கள். கொப்பியை, இறுக்கமான மூடியுள்ள பிஸ்கற் ரின்னுக்குள் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதிகளைச் சேர்த்து வைத்திருந்து இரண்டு மூன்றைக் கூடப் போடலாம்.

முடிந்த கொப்பிகளை நிலத்திலோ சுவரோடு சாத்தியோ வைக்காதீர்கள், கறையான் சுவர் வழியாகத்தான் வரும். நிலத்திலிருந்து உயர்ந்த தட்டில், சுவரிலிருந்து கையகலம் தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுங்கள். வெயிலில் விரித்துக் காயவிட வேண்டாம். போல்பொயின்ற் மை ஈரத்துக்கு நிற்கும், வெயிலுக்கு மங்கிவிடும்.

வெளியில இருந்து கீற வெக்கமா இருக்கு. சனம் சுத்தி நிண்டு பாக்கும்.

பார்க்கும். எங்கள் ஊரில் ஒருவர் மதிலடியில் இருந்து கொப்பியில் ஏதோ செய்தால் அது என்ன என்று கேட்காமல் போகிறவர்கள் குறைவு. “என்ன தம்பி கீறுறீர்?” என்று கேட்கும் ஐயாவிடம் படத்தைத் திருப்பிக் காட்டுங்கள். இரண்டு வசனத்துக்குள் அவர் தன் காலத்துச் சந்தை எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லத் தொடங்குவார். சின்னப் பிள்ளைகள் வந்தால் ஓர் ஒற்றையைக் கிழித்துக் கொடுங்கள், அவர்களும் இருந்து கீறுவார்கள்.

பழகும் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடமாகத் தேடுங்கள், பின்னால் நின்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. பஸ் நிலையமும் நல்ல இடம், அங்கே எல்லாரும் தங்கள் பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள். பின்னேரத்தில் கோட்டைப் பக்கம் போகலாம். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பிறகு ஐந்து மூலையாகப் பெருப்பித்த கோட்டை அது. மதிலின் முருகைக்கற்களில் ஓட்டையும் மேடுமாக இருக்கும் மேற்பரப்பு மட்டுமே ஒரு மாதத்துக்குப் போதுமான வேலை. பண்ணைக் கடலுக்குள் நட்ட தடிகளும், நல்லூர் வெளிவீதியில் கச்சான் கடைகளும் எனக்குப் பிடித்தவை. தனியே போகத் தயங்கும் பெண்கள் இரண்டு பேராகப் போங்கள். ஆளுக்கு ஒரு கொப்பி இருந்தால் பார்க்கிறவர்களும் ஏதோ பாடம் என்று விட்டுவிடுவார்கள். இராணுவ முகாம், காவலரண் இருக்கும் பக்கம் பார்த்து இருந்து வரைவதைத் தவிருங்கள். ஐந்து நிமிடப் படத்துக்காக அரை மணித்தியாலம் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

ஆக்களைக் கீறலாமோ? கேட்டிட்டுத்தான் கீற வேணுமோ?

தூரத்தில் நடந்து போகிறவர்கள், முகம் அடையாளம் தெரியாத சின்ன உருவங்கள் என்றால் கேட்கத் தேவையில்லை. முகத்தை உற்றுப் பார்த்துக் கீறப்போகிறீர்கள் என்றால் கேளுங்கள். சந்தையில் மீன் வெட்டுகிற அக்காவை, “கையை மட்டும் கீறட்டோ அக்கா?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சம்மதிப்பார். கோயிலில் அழுதுகொண்டு கும்பிடுகிறவரை, செத்தவீட்டில் இருப்பவரை வரைய வேண்டாம். இது சட்டம் அல்ல, என் அபிப்பிராயம், ஆனால் இதில் நான் இறுக்கமாக இருக்கிறேன்.

வீட்டு ஆட்களில் தொடங்குவதுதான் சுகம். நித்திரை கொள்கிறவர்கள் அசைய மாட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டுச் சாய்கதிரையில் கண்ணயர்ந்த அப்பாவைவிடப் பொறுமையான மாதிரி யாருக்குக் கிடைக்கும்?

மகள் ஓ.எல். எடுக்கப்போறாள். உதில நேரத்தை வீணாக்கிறாள் எண்டு பயமா இருக்கு.

ஐந்து நிமிடம்தான், அம்மா. இரண்டு ரியூசனுக்கு இடையில் அந்தப் பிள்ளைக்கு வேறு யாரும் மதிப்பெண் போடாத ஐந்து நிமிடம் கிடைக்கட்டும். அவள் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தால் கைக்குப் பழக்கமும் ஆகும். விஞ்ஞானத்தில் பூவின் வெட்டுமுகம் வரைகிற போதும் உதவும். ஆனால் அந்த உதவிகளைச் சொல்லிச் சொல்லி அவளுடைய கொப்பியை இன்னொரு பாடக் கொப்பியாக மாற்றிவிடாதீர்கள். கேட்காமல் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

உண்மையிலேயே அவளுக்கு இதில்தான் ஈடுபாடு என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன். இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். அது ஏ.எல்லுக்குப் பிறகு யோசிக்க வேண்டிய விசயம்.

கீறினதை பேஸ்புக்கில போட்டால் ஒரு உற்சாகம் வருமே?

வரும், அதனால்தான் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன். நாளைக்குப் போட வேண்டும் என்று தெரிந்தால் இன்றைக்கே தெரிந்த, வடிவாக வரும் பொருளைத்தான் கை தேடும். திருவலையை விட்டுவிட்டுத் தாமரைப்பூ கீறுவீர்கள். முதல் கொப்பி முடியும் வரைக்கும் ஒருவருக்கும் காட்டாமல் இருந்து பாருங்கள். அதன் பிறகு, போட வேண்டும் போல இருந்தால் மாதம் ஒருமுறை ஒரு பக்கம் போடலாம்.

ஒக்ரோபரில் உலகம் முழுக்க ‘இங்க்ரோபர்’ என்று 31 நாளும் மையால் வரைந்து போடுகிறார்கள். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009 இல் தொடங்கியது. சேர்ந்து செய்வதில் ஒரு சந்தோசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பழக்கம் ஊன்றாதவர்கள் அதில் இறங்கி, 9ஆம் நாள் தவறவிட்டு, நவம்பரில் பேனையையே தொடாமல் விடுவதை அடிக்கடி காண்கிறேன். போதாக்குறைக்கு எங்களுக்கு மழை தொடங்குவதும் அந்த மாதம்தான்.

ஆறு மாதமாக் கீறுறன். ஒரு முன்னேற்றமும் இல்லை. என்ன பிழை?

கை பழகிவிட்டது, கண் நின்றுவிட்டது. முன்னேற்றம் நிற்கிற இடம் பெரும்பாலும் இதுதான். கண் என்றால் இப்படி, மாமரம் என்றால் இப்படி என்று கை சில அச்சுகளை வைத்திருக்கும். நீங்கள் மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அச்சைக் கீறுகிறீர்கள். பனையைக் கீறும்போது இது நன்றாகத் தெரியும். தடிக்கு மேலே விசிறி மாதிரி நாலு ஓலை வைத்து முடித்துவிடுவோம். உண்மையான பனையில் காவோலை கீழே தொங்கும், பழைய மட்டைகளின் அடி தண்டைச் சுற்றி ஒட்டியிருக்கும், உங்களை நோக்கி நீட்டுகிற ஓலை வெறும் கோடாகத் தெரியும். வட்டத்தலை முழுதாக எங்கேயும் தெரியாது.

இரண்டு பயிற்சிகள் சொல்கிறேன். முதலாவது, தாளைப் பார்க்காமல் வரைவது. பொருளின் விளிம்பில் கண்ணை வைத்து, ஓர் எறும்பு அதில் ஊர்வதாக நினைத்து, அந்த வேகத்திலேயே பேனையை நகர்த்துங்கள். குனிந்து தாளைப் பார்க்கக் கூடாது. 1938 இல் காலமான அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கொலைடிஸ் தன் மாணவர்களுக்கு முதலில் கொடுத்த பயிற்சி வகை இது. படம் கோணல்மாணலாக வரும், அதனால் அச்சு உடையும். இரண்டாவது, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெளியை வரைவது. கதிரையைக் கீறாமல், கதிரைக் கால்களுக்கு இடையில் தெரியும் சுவர்த் துண்டுகளைக் கீறுங்கள். அந்தத் துண்டுகளுக்கு மூளையில் அச்சு இல்லை, ஆகவே பார்த்தே ஆக வேண்டும்.

இவற்றை ஒரு மாதம் செய்துவிட்டு, முதல் மாதத்தில் கீறிய அதே பொருளைத் திரும்பக் கீறி, இரண்டு பக்கங்களையும் அருகருகே வையுங்கள். கிழித்து எறிய வேண்டாம் என்று சொன்னது இதற்காகவும்தான்.

அப்ப வகுப்புக்குப் போறது நல்லதோ?

கேள்விகள் குறிப்பாக வரத் தொடங்கிய பிறகு போங்கள். “எனக்கு வரையத் தெரியாது” என்று போவதைவிட “எனக்குத் தோளும் கழுத்தும் சேருகிற இடம் வரவில்லை” என்று போனால் ஆசிரியராலும் உதவ முடியும். ஓவியர் அ. மாற்கு (1933–2000) போன்றவர்கள் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியேயும் பலருக்கு வரையக் கற்றுக்கொடுத்த ஊர் இது. நல்ல ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். வகுப்பு இருக்கிற நாளிலும் வீட்டில் உங்கள் ஐந்து நிமிடத்தை வைத்திருங்கள்.

அம்மம்மாவுக்கு 74 வயது, கை நடுங்கும். அவவும் தொடங்கலாமோ?

கட்டாயம். தடித்த முனையுள்ள மார்க்கர் பேனை, பெரிய தாள், மேசையில் முழங்கை ஊன்றி இருக்க வசதியான கதிரை. நடுக்கத்தை மறைக்க வேண்டாம், அந்தக் கோட்டுக்குத் தனி உயிர் இருக்கும். கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு இடைவெளிக் கணக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவவுக்கு எதைக் கீற வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

நான் கனடாவில இருக்கிறன். எங்கட ஊர் வீட்டைக் கீற ஆசை. வீடும் இப்ப இல்லை, ஒரு படமும் கையில இல்லை. எப்பிடிக் கீறுறது?

மேலே நேரில் பார்த்து வரையுங்கள் என்று பலமுறை சொல்லிவிட்டேன். இது அதற்கு விலக்கு. வீட்டின் முகப்பை நினைவிலிருந்து வரைய முயன்றால், முன்னே சொன்ன அச்சுதான் வரும்: ஓட்டுக்கூரை, இரண்டு யன்னல், ஒரு கதவு. அது யாருடைய வீடாகவும் இருக்கலாம். அதற்குப் பதிலாக மேலிருந்து பார்க்கிற வரைபடமாகத் தொடங்குங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் தாங்கள் இழந்த வீடுகளின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அவற்றைத் தொகுத்து 2011 இல் நூலாக்கினார். வரைந்தவர்கள் ஓவியர்கள் அல்ல, சாதாரண ஆட்கள். வீட்டின் வரைபடம் எல்லாருக்கும் காலில் இருக்கிறது.

நீங்களும் படலையில் தொடங்குங்கள். கண்ணை மூடி உள்ளே நடவுங்கள். கிணற்றடி எந்தக் கைப்பக்கம்? துலாவா, கப்பியா? விறாந்தைக்கு எத்தனை படி? சாமியறை யன்னல் எங்கே திறந்தது? இரவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன வழி எது? ஒரு நாளைக்கு ஓர் அறை போதும். முழு வீட்டையும் ஒரே இரவில் வரைய உட்காராதீர்கள், இந்தப் படத்துக்கு மனம் தாங்கும் அளவும் ஒன்று இருக்கிறது. ஒருநாள் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை மட்டும் குறித்துவிட்டு மூடிவிட்டாலும் அன்றைய வேலை முடிந்துவிட்டது.

கொஞ்சம் சேர்ந்த பிறகு சகோதரங்களுக்குப் படமெடுத்து அனுப்புங்கள். அண்ணைக்குக் கிணறு வேலிக்குக் கிட்ட இருந்ததாக நினைவிருக்கும், மாமிக்கு மாட்டுக்கொட்டிலுக்குக் கிட்ட. யார் சரி என்று வாதாட வேண்டாம். ஆளுக்கு ஒரு நிறப் பேனையை ஒதுக்கி, இரண்டு கிணறுகளையும் அதே படத்தில் போடுங்கள்.